டிராக் காருக்கு விங், ஸ்ப்ளிட்டர் எல்லாம் நாமே செய்துகொள்ள முடியுமா?

கேள்வி: பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை டிராக் டேவுக்கு (பந்தயப் பாதையில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) மட்டும் வைத்திருக்கிறேன். கடையில் வாங்காமல் விங்கை நானே செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் விங்கில், அதாவது காரின் பின்னால் நின்று காற்றால் காரைத் தரையோடு அமுக்கும் இறக்கையில், தொடங்காதீர்கள். நான் அங்கேதான் தொடங்கினேன், ஒரு சீசன் வீணாய்ப் போனது.

நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து வைத்திருப்பதும் எஸ்டீம்தான். கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையம் கரி ஸ்பீடுவேயில் ஓட்டுவோம். முதல் விங்குக்குத் தெர்மாகோல் கட்டியைச் சூடான நிக்ரோம் கம்பியால் அறுத்து அருமையாக வடிவம் கொண்டுவந்தோம். 1.4 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம். அதன்மேல் ஃபைபர் துணியை விரித்து, கையிலிருந்த சாதாரண பாலியெஸ்டர் ரெசினைப் பூசினோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் விங் உள்வாங்கிப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கிறது. அந்த ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்சி என்ற வேறு வகை ரெசின் கரைக்காது. சரி என்று எபாக்சி வாங்கி, ஏப்ரல் மாத மத்தியானத்தில் அரை லிட்டரை ஒரே டப்பாவில் கலந்தோம். எபாக்சி இறுகும்போது சூடாகும், மொத்தமாக இருந்தால் அந்தச் சூடு வெளியேறாது. பாதி தடவுவதற்குள் டப்பா புகைய ஆரம்பித்துவிட்டது. இப்போதெல்லாம் விடிகாலையில்தான் வேலை. நூறு நூறு கிராமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்கிறோம்.

ஒருவழியாக விங் ஏறியது. கார் முன்பைவிட மோசமாகத் திரும்பியது!

கணக்கு போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த அளவு விங் 100 கி.மீ. வேகத்தில் சுமார் 20 கிலோ அழுத்தம் தரும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் 140-இல் அது 40 கிலோ. (தெருவில் 50 கி.மீ.யில் போகிறவருக்கு 5 கிலோதான், மற்றதெல்லாம் அழகுக்கு.) எங்கள் விங் பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் இருந்தது. எஸ்டீமின் வீல்பேஸ் 2.36 மீட்டர். சீசா பலகை மாதிரி யோசியுங்கள்: பின்னால் 40 கிலோ அமுக்கினால் முன்னால் 10 கிலோ தூக்கும். முன்சக்கரம் இழுக்கிற கார், ஏற்கெனவே வளைவில் வெளியே ஓடுகிற கார், அதன் முன்பாரத்தைக் குறைத்தால் வேறு என்ன ஆகும்?

அதனால் ஸ்ப்ளிட்டர்தான் (முன் பம்பருக்கு அடியில் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) முதல் வேலை. முன்னால் வந்து மோதும் காற்று பலகைக்கு மேலே முட்டி நின்று கீழ்நோக்கி அழுத்தும். அடியில் இடுக்குக்குள் வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறையும். இந்த இரண்டும் சேர்ந்துதான் முன்பக்கத்தைத் தரையில் அமர்த்துகின்றன. நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பலகை முன் அச்சு வரைக்கும் உள்ளே போகவேண்டும். எங்களுடையது 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஓரங்களில் எபாக்சி பூச்சு. கார்பன் ஃபைபர் வேண்டாமா என்று கேட்பார்கள். டிராக் ஓரத்துத் திட்டான கெர்பில் ஒருமுறை இடித்தால் பலகை போய்விடும். மரக்கடையில் இன்னொன்று அறுத்துக்கொள்ளலாம். பம்பரில் மாட்டாதீர்கள், சேஸிஸிலிருந்து ஆங்கிள் இறக்கி, முன் ஓரத்தை இரண்டு டர்ன்பக்கிளால் (திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) பிடியுங்கள். மாட்டியதும் நான் அதன்மேல் ஏறி நிற்பேன். வளைந்தால் மறுபடி பட்டறைக்கு.

விங்குக்கும் அதே விதி. டிக்கி மூடியின் தகடு 40 கிலோவைத் தாங்குகிற சாமான் இல்லை. கேமரா வைத்துப் பார்த்தபோது நேர்ப்பாதையின் கடைசியில் எங்கள் மூடி அப்பளம் மாதிரி நெளிந்தது. இப்போது விங்கைத் தாங்கும் தூண்கள் மூடியைத் துளைத்துக்கொண்டு போய்ச் சேஸிஸில் போல்ட் ஆகியிருக்கின்றன. விங்மேல் 80 கிலோ மணல் மூட்டைகளைப் பரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தோம். அதிகப்படியாகத் தெரியலாம். ஆனால் 1969 ஸ்பானிய கிராண்ட் பிரி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் லோட்டஸ் அணியின் இரண்டு கார்களுக்கும் விங் முறிந்து விபத்தானது, அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயரமான விங்குகளைத் தடைசெய்தார்கள். லோட்டஸுக்கே அப்படியென்றால் நம் வெல்டிங் எம்மாத்திரம்.

காசே ஆகாத ஒன்றும் உண்டு: விங்கின் பின்விளிம்பில் நிமிர்த்தி ஒட்டும் சின்ன அலுமினிய ஆங்கிள், கர்னி ஃப்ளாப். அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி 1971-இல் கொண்டுவந்தது, விங்கின் அழுத்தத்தைக் கூட்டும். 25 செ.மீ. விங்குக்கு 3 முதல் 5 மி.மீ. உயரம் போதும். ஸ்ப்ளிட்டர் முன்னால் தரும் அழுத்தமும் விங் பின்னால் தரும் அழுத்தமும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் இதன் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

போட்டியில் இறங்குவதாக இருந்தால், உங்கள் பிரிவுக்கு எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) விதிகள் எதை அனுமதிக்கின்றன என்று வெட்டுவதற்கு முன்பே பாருங்கள். அப்புறம், டயரும் பிரேக்கும் இன்னும் ஒழுங்காகவில்லை என்றால் இந்தப் பதிலை மறந்துவிட்டு அங்கே பணத்தைப் போடுங்கள்.

சோதிக்கக் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, விங்கின் அடிப்பக்கம் வரிசையாக டேப்பில் ஒட்டி, கேமராவைத் திருப்பி வையுங்கள். அடிப்பக்கம்தான் முக்கியம், உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது. நூல் படிந்து நேராக ஓடினால் நல்லது, சுழன்று துள்ளினால் காற்று அந்த இடத்தில் விங்கை விட்டுப் பிரிந்துவிட்டது. எங்களுக்கு இரண்டு ஓரத்திலும் நூல் படிந்திருந்தது, நடுவில் மட்டும் பேயாட்டம். கூரையிலிருந்து இறங்கும் கலங்கிய காற்று நேராக அங்கேதான் வந்து விழுகிறது. இப்போதையதைவிட 10 செ.மீ. கூடுதல் உயரமான புதுத் தூண்களுக்கு அளவெடுத்துக் கொடுத்திருக்கிறோம்.