ஹோம்ஸ்கூலிங்கில் பாட்காஸ்ட் கேட்பதைப் படிப்பாகக் கணக்கில் எடுக்கலாமா?

"எட்டு வயது மகனுக்கு வாசிப்பு இன்னும் பிடிபடவில்லை, புத்தகத்தைத் திறந்தாலே எழுந்து ஓடுகிறான். பாட்காஸ்ட் போட்டுக் கேட்க வைத்தால் அது படிப்பாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆகும். ஆனால் கேட்டு முடித்ததும் அவன் அதைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு நடக்காவிட்டால் அது வீட்டில் ஓடுகிற இன்னொரு சத்தம்தான். என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஐந்து வருடமாக வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். இது புரிய எனக்கு முதல் இரண்டு வருடம் போய்விட்டது.

முதலில் உங்கள் கவலையைப் பார்ப்போம். வாசித்துப் புரிந்துகொள்வதில் இரண்டு வேலை இருக்கிறது. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவது ஒன்று. அந்தச் சொற்கள் சொல்லும் பொருளைப் பிடிப்பது இன்னொன்று. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். உங்கள் மகன் திணறுவது முதல் வேலையில். அது கைகூடும்வரை இரண்டாவது வேலையைப் பட்டினி போட வேண்டியதில்லை. இந்த வயதில் கண் எட்டாத இடத்துக்கும் காது எட்டும். என் மகனும் ஏழரை வயதுவரை எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். ஆனால் 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லைப் புத்தகத்தில் பார்த்த அன்று, முதல் இரண்டு எழுத்தைக் கூட்டியதுமே முழுச் சொல்லையும் சொல்லிவிட்டான். செடிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நிகழ்ச்சி கேட்டபோது நான் தமிழில் எடுத்துச் சொன்ன சொல் அது. எழுத்துப் பயிற்சியை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். தினமும் பதினைந்து நிமிடம் அது தனியாக நடக்கட்டும்.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். ஆரம்பத்தில் காலையில் அறிவியல், சமைக்கும்போது வரலாறு, படுக்கும் முன் கதை என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு எபிசோட் ஓடவிட்டேன். நிறைய கற்றுக்கொள்கிறார்கள் என்று மனதுக்கு நிறைவாகவும் இருந்தது. ஒருநாள் மகளிடம் "காலையில் என்ன கேட்டாய்?" என்றேன். "ஏதோ விண்வெளி" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டே எபிசோட், ஒவ்வொன்றும் இரண்டு முறை. முதல் முறை நிறுத்தாமல் கேட்போம். மறுநாள் அதே எபிசோடை நடுநடுவே நிறுத்தி, தெரியாத சொல்லைப் பேசி, தமிழில் சொல்லிப் பார்த்துக் கேட்போம்.

அதன் பிறகுதான் முக்கியமான வேலை. "இரவு அப்பாவுக்கு நீதான் இதைச் சொல்லப் போகிறாய்" என்று விட்டுவிடுவேன். கேள்வித்தாள் மாதிரி எதுவும் கேட்பதில்லை. ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களுக்கு இது பழைய வழிதான். சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், ஒருமுறை கேட்டதைப் பிள்ளை தன் சொற்களில் திரும்பச் சொல்வதையே தன் கற்பிக்கும் முறையின் நடுவில் வைத்தார். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

பிள்ளை தப்பாகச் சொல்லும் இடத்தில்தான் நம் பாடம் கிடைக்கிறது. "பூமியோட நிழல் விழுறதாலதான் நிலா தேயுது" என்று என் மகன் அப்பாவிடம் அடித்துச் சொன்னான். கேட்ட எபிசோடில் அப்படிச் சொல்லவில்லை. கிரகணத்தையும் தேய்பிறையையும் அவனே மனதில் கலந்துகொண்டிருந்தான். அறை விளக்கை அணைத்து, ஒரு மேசை விளக்கைச் சூரியனாக வைத்து, பந்தை நிலாவாக நீட்டிய கையில் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே அவனைச் சுற்றச் சொன்னோம். பந்தின் வெளிச்சப் பகுதி பிறையாகி, அரையாகி, முழுசானதைப் பார்த்த பிறகு அந்தத் தப்பு மறுபடி வரவில்லை. காதால் மட்டும் கேட்டால் இப்படிப்பட்ட ஓட்டைகள் விழும். கேட்கும்போது பக்கத்தில் உலக உருண்டையும் வெள்ளைத்தாளும் இருக்கட்டும்.

எதைக் கேட்பது? உங்கள் மகன் வயதுக்கு 'பட் வை' நல்ல தொடக்கம். அமெரிக்காவின் வெர்மான்ட் பொது வானொலி 2016-ல் தொடங்கியது. பிள்ளைகள் தங்கள் குரலில் பதிந்து அனுப்பும் கேள்விகளுக்கு விஷயம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள், பேச்சும் நிதானமாக இருக்கும். 'பிரெய்ன்ஸ் ஆன்' நிகழ்ச்சியை ஒரு பிள்ளையும் சேர்ந்து நடத்தும். நடுவில் ஒரு மர்ம ஒலியைப் போட்டு என்னவென்று கேட்பார்கள். அங்கே நிறுத்திவிட்டு வீடே மூளையைக் கசக்கும். அதே குழுவின் 'ஸ்மாஷ் பூம் பெஸ்ட்' ஒரு பட்டிமன்றம்தான், நடுவர் மட்டும் சிறுவர். காரணம் சொல்லி வாதிட என் மகள் அதில்தான் பழகினாள். நாட்டுப்புறக் கதை பிடித்தால் 'சர்க்கிள் ரவுண்ட்'. பதினான்கு வயதுக்கு மேல் பிபிசியின் 'இன் அவர் டைம்' இருக்கிறது. 1998-லிருந்து வரும் நிகழ்ச்சி, ஒரே தலைப்பைப் பேராசிரியர்கள் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். எதுவானாலும் நீங்கள் முதலில் தனியாகக் கேட்டுவிடுங்கள். பல நிகழ்ச்சிகளில் தொகுப்பாளரே தன் குரலில் விளம்பரம் வாசிப்பார். பிள்ளைக்கு அது பாடத்தின் பகுதியாகவே கேட்கும். "இது விளம்பரம்" என்று சொல்லிக் காட்டுங்கள்.

கணக்குக்கும் எழுத்துப்பிழை திருத்தவும் பாட்காஸ்டை நம்ப வேண்டாம்.

கேட்கும்போது கைக்கு வேலை கொடுங்கள். களிமண் பிசையட்டும், துணி மடிக்கட்டும், வரையட்டும். எழுதுகிற வேலை மட்டும் கூடாது, எழுதும் சொல்லும் கேட்கும் சொல்லும் மோதிக்கொள்ளும். ஹெட்போனைவிட ஸ்பீக்கரே நல்லது. எல்லோரும் ஒன்றாகக் கேட்டால்தானே பேச முடியும்? ஹெட்போன்தான் வழி என்றால், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆங்கிலம் வேகமாகத் தோன்றினால் ஆப்பில் வேகத்தை 0.8-க்குக் குறையுங்கள். முன்கூட்டியே டவுன்லோட் செய்து, இணையத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். படிப்புக்குப் பதிவேடு கேட்கும் இடத்தில் இருந்தால், தேதி, எபிசோட் தலைப்பு, பிள்ளை சொன்ன மூன்று வரி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

போன வருடம் என் மகன் தானே ஒரு பாட்காஸ்ட் செய்ய வேண்டும் என்றான். ஃபோனில் பதிவு செய்வதுதான், ஐந்து நிமிடம். வீட்டுச் சத்தங்களைப் பதிந்து மர்ம ஒலி வைத்தான். பேச்சு பாதியில் நின்றுபோனதால், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் பாட்டிக்கு அனுப்புகிறோம். பாட்டி கேட்டுவிட்டுத் தன் குரலில் இரண்டு கேள்வி பதிந்து அனுப்புவார். அடுத்த எபிசோட் அந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்கும்.