20 கோடி ஆண்டுக் கடைவாய்ப்பல்

கேள்வி: எலும்புக்கூடு கிடைக்காத ஒரு பழங்கால விலங்கை, உதிர்ந்த பற்களை மட்டும் வைத்து அடையாளம் கண்டார்கள் என்றும், அது பாலூட்டிகளின் மூதாதை என்றும் படித்தேன். பற்களைக் கொண்டே ஒரு விலங்கின் உணவையும் ஆயுளையும் சொல்லிவிட முடியுமா? அது வெறும் ஊகம் ஆகாதா?

பதில்: நீங்கள் விலங்கின் பெயரைக் குறிப்பிடாததால், இவ்வகையில் நன்கு ஆராயப்பட்ட கூனியோதீரியத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள கிளமோர்கனில், சுண்ணாம்புக்கல் குவாரிகளின் பாறைப் பிளவுகளில் அடைந்து கிடந்த மண்ணிலிருந்து இதன் பற்களும் உடைந்த தாடைத் துண்டுகளும் கிடைத்தன. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், அந்த நிலப்பகுதி ஆழமற்ற கடலின் நடுவே சிறு தீவுகளாக இருந்தது. பிளவுகளில் தவறி விழுந்த உயிர்களும், மழைநீர் அடித்து வந்த எலும்புகளும் அங்கேயே மண்ணோடு மண்ணாக இறுகிப்போயின. 1968இல் டோரிஸ் கெர்மாக், கென்னத் கெர்மாக், பிரான்சஸ் முசெட் ஆகிய மூவர் இதற்குப் பெயரிட்டபோது, இத்தகைய பிளவுகளில் முன்பே தேடிய வால்டர் கூனே என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் நினைவாகவே பெயர் வைத்தார்கள். இதை நம் நேர் மூதாதை என்பதைவிட, பாலூட்டிக் குலத்தின் பழைய பங்காளி என்று கொள்வதே சரி.

எலும்பு மக்கினாலும் பல் நிலைப்பதற்குக் காரணம், பல்லின் கடினமான மேலுறையாகிய பற்சிப்பி. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். ஆனால் கூனியோதீரியத்தின் கடைவாய்ப்பல் கடுகளவே இருக்கும் என்பதால், மண்ணைக் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, எஞ்சிய மணல் முழுவதையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பொறுக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த ஒரு பல்லை உருப்பெருக்கிப் பார்த்தால் மூன்று முனைகள் தெரியும். நடுமுனை உயரமானது, பக்க முனைகள் இரண்டும் அதனோடு ஒரே வரிசையில் நில்லாமல் சற்று விலகி, ஒரு விரிந்த முக்கோணத்தை அமைக்கின்றன. மேற்பல்லின் முக்கோணமும் கீழ்ப்பல்லின் முக்கோணமும் எதிரெதிர்த் திசை நோக்கியவை ஆகையால், வாய் மூடும்போது அவை கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசிச் செல்லும். அந்த உரசலில் தேய்ந்து வழவழப்பான பரப்புகள் பற்களில் இன்றும் தெளிவாக இருக்கின்றன. பல்லியைப் போல வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைக்கும் விலங்கில், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இந்தச் சான்றை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் அந்த விலங்கு உயிரோடு மென்றபோது விட்டுச்சென்ற தடம் அது.

உணவுக்கு வருவோம். கூனியோதீரியத்தோடு அதே காலத்தில் வாழ்ந்த மார்கனுகோடான் என்ற மற்றோர் உறவினத்தையும் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2014இல் வெளிவந்தது. பல்லின் மேற்பரப்பிலுள்ள மிக நுண்ணிய கீறல்களை, என்ன பூச்சி தின்கின்றன என்பது நன்கு தெரிந்த இன்றைய வௌவால்களின் பற்களோடு ஒப்பிட்டார்கள். தாடையின் வலிமையையும் கணக்கிட்டார்கள். மார்கனுகோடான் வண்டு போன்ற கடினமான ஓடுடைய பூச்சிகளையும், கூனியோதீரியம் மென்மையான பூச்சிகளையும் தின்றன என்று தெரியவந்தது.

ஆயுளைச் சொன்னது பல்லின் வேர். வேரைச் சுற்றி சிமெண்டம் என்னும் படலம் மரத்தின் ஆண்டு வளையம்போல ஆண்டுதோறும் ஒரு வரியாகப் படிகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள சிங்க்ரோட்ரான் நிலையத்தின், அதாவது எலக்ட்ரான்களை மிக வேகமாகச் சுழற்றிச் செறிவான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் கூடத்தின், கதிர்களைக் கொண்டு, பல்லை அறுக்காமலேயே அந்த வரிகளை எண்ணினார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி மார்கனுகோடான் 14 ஆண்டுகள் வரையும், கூனியோதீரியம் 9 ஆண்டுகள் வரையும் வாழ்ந்தன. இதே அளவுள்ள இன்றைய பாலூட்டிகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழ்கின்றன. பல்லில் பாலூட்டியாகத் தோன்றும் இவ்விலங்குகளின் உடல், ஊர்வனவற்றின் உடலைப் போல இன்னும் மெதுவாகவே இயங்கியது என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். ஆகவே இது ஊகம் அன்று. உடலின் நிறம், குரல் போன்றவற்றை யாரேனும் உறுதியாகச் சொன்னால் அதைத்தான் ஊகம் எனலாம்.

கேள்வி: பல்லை நம்பி ஏமாந்த நிகழ்வு உண்டா?

பதில்: உண்டு, நம் நாட்டிலேயே. மத்தியப் பிரதேசத்தில் டிக்கி படிவம் எனப்படும் பாறை அடுக்குகள் 22 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. அங்கிருந்து கிடைத்த ஒரே ஒரு மேல் கடைவாய்ப்பல்லைக் கொண்டு, 2005இல் டிக்கிதீரியம் என்ற பாலூட்டி உறவினம் விவரிக்கப்பட்டது. பாறையின் காலத்தை நோக்க, பல்லின் வடிவம் வியப்பூட்டும் அளவுக்கு முன்னேறியதாக இருந்தது. பாலூட்டிகளின் தொடக்க வரலாற்றை எழுதியவர்கள் இந்தப் பல்லுக்கும் அதில் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2024இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இருவர் அதை மறுபடி ஒப்பிட்டு, அது கடந்த 2.3 கோடி ஆண்டுகளுக்குள் வாழ்ந்த ஒரு மூஞ்சூறின் பல் என்று எழுதினார்கள். இரவில் நம் அடுக்களையில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடுகிறதே, அந்த மூஞ்சூறின் குடும்பந்தான்.

பிற்கால மண் பழைய பாறையின் வெடிப்பில் இறங்குவதும், அலசும் மண்ணோடு கலப்பதும் நடக்கக்கூடியவையே. கடுகளவுப் பொருளில் அந்தக் கலப்பைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆய்வாளர்களின் கவனக்குறைவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூனியோதீரியத்துக்குத் துணையாக நிற்க அதே வட்டாரத்தின் வேறு பற்களும் தாடைத் துண்டுகளும் உண்டு. டிக்கிதீரியத்துக்கு இருந்ததோ ஒற்றைப் பல். அதைப் போன்ற இன்னொன்று, டிக்கி பாறையை உடைக்கும்போது கல்லில் பதிந்த நிலையிலேயே கிடைத்தால், இந்த வழக்கை மறுபடி திறக்கத்தான் வேண்டும்.