நான்கு வயது மகளும் கச்சேரியும்

வணக்கம் சகோதரி. கர்நாடக இசைக் கச்சேரியில் ஆலாபனை தொடங்கியதுமே மகள் காதைப் பொத்திக்கொண்டு "போதும்" என்று அழுகிறாள், இசையை வெறுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். சொல் இல்லாமல் நீளும் ராகத்தில் பற்றிக்கொள்ள அவளுக்கு இன்னும் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களிலிருந்து தொடங்குங்கள். மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு சங்கராபரண ராகத்தில் அவர் அமைத்த சின்னஞ்சிறு பாடல்கள் அவை. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அநேகமாக இருக்காது, ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். 'சியாமளே மீனாக்ஷி'யைப் பாடிக் காட்டுங்கள். பள்ளியில் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு அதில் ஒலிப்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். என் மகன் கண்டுபிடித்த அன்று பத்து முறை பாடச் சொன்னான்.

அடுத்து தாளம். அவளை உங்கள் மடியில் உட்கார்த்தி, ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை, அதாவது எட்டு எண்ணிக்கைகளை, அவள் கையாலேயே போட வையுங்கள்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு (கையைத் திருப்புவது), தட்டு, வீச்சு. பிசகினால் திருத்த வேண்டாம்.

சபாவுக்கு இப்போதைக்கு முழுக் கச்சேரிக்கு அழைத்துப் போகாதீர்கள். கதவோரம் உட்கார்ந்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் போதும். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசுவது குழந்தைகளுக்கு உடனே பிடித்துவிடுகிறது. அதைவிடவும் நல்லது கோயில் திருவிழா. நாகஸ்வரம், தவில் வாசிக்கும் இடத்தில் அவள் ஓடலாம், ஆடலாம், யாரும் முறைக்கமாட்டார்கள்.

பாட்டு வகுப்பில் சேர்க்க அவசரப்படாதீர்கள். சமைக்கும்போது நீங்கள் விரும்பும் கீர்த்தனையை வாய்விட்டுப் பாடிக்கொண்டிருங்கள்.