இருட்டு நடு அறைக்குக் கண்ணாடி
அண்ணாச்சி, டவுன் வீட்டு நடு அறை பகலிலும் இருட்டு, பெரிய கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். எதிரே இருட்டுச் சுவர் இருந்தால் கண்ணாடி அந்த இருட்டைத்தான் திருப்பிக் காட்டும், அதனால் முற்றத்து வெளிச்சம் நேராக வந்து விழுகிற சுவராகப் பாருங்கள். மேற்கு வெயில் அடிக்கிற இடம் மட்டும் வேண்டாம், சாயங்காலம் கண் கூசும்.

அப்புறம் பழைய கண்ணாடி ஓரம் கறுத்துப் போச்சு என்றீர்களே, அது ஈரம் பின்பக்க வெள்ளிப் பூச்சை அரித்த வேலை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஓதம் ஏறுகிற சுவர் என்றால் ஒட்டவே ஒட்டாதீர்கள், பின்னால் காற்றுப் போகிற மாதிரி கொஞ்சம் இடைவெளி விட்டுக் கிளிப்பில் நிறுத்துங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புளிச்ச காடி வாடை அடிக்கிற சிலிக்கான் பசை வேண்டாம், அந்த அமிலமும் பூச்சைத் தின்னும்; கடையில் நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.