காலையில் எடுக்கிறது, மத்தியானம் எடுக்கவில்லை

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து மதுரைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். டீசல் லோடு வண்டி, ஒன்பது வருடம் ஓடியது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் உடனே எடுத்துவிடும். மதுரையில் லோடு இறக்க ஆஃப் பண்ணினேன் என்றால் போச்சு. இருபது நிமிடம் கழித்துத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். சுமை தூக்குகிறவர்களைக் கெஞ்சித் தள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் விட்டால் தானாகவே எடுக்கிறது. பேட்டரி மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. எங்கள் எலக்ட்ரீஷியன், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச்) வைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இரண்டு பேரிடமும் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். வண்டியை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? காலையில்தான் பார்த்திருப்பார்கள். ஆறிய வண்டியில் சாவியைத் திருப்பினால் நன்றாகச் சுற்றும். பிறகு ஆளுக்கொரு யூகம். காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் போய் நாக்கை நீட்டுகிற மாதிரி.

நானும் அப்படித்தான் ஒரு முறை அவமானப்பட்டேன். தனியாகப் பட்டறை போட்ட புதிது. ஒரு பள்ளிக்கூட வேன், உங்கள் வண்டி மாதிரியே கோளாறு. செல்ஃபைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன். மறு வாரமே திரும்பி வந்தது. வேறு செல்ஃபையே மாட்டினேன். அதுவும் நாலு நாள்தான். மூன்றாவது முறை டிரைவர் சண்டை போடவில்லை. “அண்ணே, நீங்க என்கூட ஒரு டிரிப் வாங்க” என்றார், அவ்வளவுதான். போனேன். வெயிலில் ஊர் சுற்றி நின்ற இடத்தில் வண்டி எடுக்கவில்லை. நாலைந்து முறை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் பட்டையை, அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியை, தொட்டேன். இன்ஜின் பக்கம் சூடாக இருந்தால் அதிசயம் இல்லை. சேஸிஸ் பக்கத்து லக், அதாவது பட்டையின் முனையில் போல்ட் மாட்டும் வளையம், கையைச் சுட்டது. யாரோ சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது லக்குக்கு அடியிலும் சேர்த்து அடித்திருந்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். அதற்கப்புறம் அந்த வேன் என்னிடம் வரவே இல்லை. இரண்டு செல்ஃப் வேலைக்கு நான் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

சரி, சூட்டில் மட்டும் ஏன்? செம்புக் கம்பி சூடானால் மின்சாரத்துக்கு அதிகம் தடை கொடுக்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். உங்கள் செல்ஃப் இன்ஜின் ஓரமாக, இன்ஜின் புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது காற்றாவது படும். ஆஃப் பண்ணியதும் காற்றும் இல்லை, ரேடியேட்டர் தண்ணீரும் ஓடாது. இன்ஜின் சூடு முழுக்கச் செல்ஃபின் மேல் இறங்கும். அதனால்தான் ஆஃப் பண்ணின உடனே எடுக்கிற வண்டி இருபது நிமிடம் கழித்து எடுப்பதில்லை. செல்ஃபோடு சேர்ந்த சோலனாய்டு ஒரு மின்காந்தம்; சாவியைத் திருப்பியதும் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுத்து, மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துவிடும். 30 டிகிரியில் இருந்த சோலனாய்டு காயில் 100 டிகிரிக்குப் போனால் அதில் ஓடும் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பிளஞ்சரை இழுக்கும் விசையோ கரண்ட் குறைவதைவிட வேகமாகக் குறையும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நல்ல நிலையில் இருக்கிற செல்ஃப் இதையும் தாங்கும், அப்படிக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் சாவி சுவிட்சில் கொஞ்சம், பேட்டரி கிளாம்பில் கொஞ்சம், எர்த்தில் கொஞ்சம் என்று ஏற்கெனவே வோல்ட் கசிந்துகொண்டிருந்தால், சூடு ஏறியதும் மிச்சமிருந்த சக்தியும் போய்விடும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சூடான இன்ஜினில் ஆயில் இளகியிருக்கும், சுற்றுவது சுலபம். அப்படியும் செல்ஃப் திணறினால் இன்ஜினைச் சந்தேகப்படாதீர்கள், கரண்டைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது செய்ய வேண்டிய வேலை. பொறி வைக்கிற வேலைதான் இது. காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, செல்ஃபிலிருந்து மூன்று மெல்லிய ஒயர்களை கேபினுக்குள் இழுத்து வையுங்கள். ஒன்று, சோலனாய்டில் சாவியிலிருந்து வரும் சின்ன ஒயர் சேரும் இடம். பல செல்ஃபில் அதன் பக்கத்தில் 50 என்று எண் அடித்திருக்கும். இரண்டு, சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் தடித்த செம்புப் பட்டையின் போல்ட். மூன்று, செல்ஃபின் உடம்பு. முதல் இரண்டு ஒயரிலும் செல்ஃப் பக்கமே ஒரு சின்ன 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். சைலன்சரில் உரசாமல் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழியில் ஒயர் உருகிப் புதுக் கோளாறு வரும். அப்புறம் பேட்டரி எர்த்தை மாட்டிவிட்டு வழக்கம்போல மதுரைக்குப் போங்கள்.

அங்கே எடுக்காமல் நின்றதும் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனை உடம்பு ஒயரில் இருக்கட்டும். சிவப்பு முனையை முதலில் 50-இல் வையுங்கள். அங்கே 9 வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிறது, அதே நேரம் பேட்டரியில் 12-க்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால், ரிலே சொன்னவர் ஜெயித்தார். சாவி சுவிட்சிலோ அதன் ஒயரிலோ வோல்ட் விழுகிறது. 50-இல் 11-க்கு மேல் வருகிறது, ‘டக்’ என்று அடிக்கிறது, ஆனால் செம்புப் பட்டையில் ஒன்றுமே இல்லை என்றால், சோலனாய்டுக்குள் கரண்டைச் சேர்க்கும் செம்பு வட்டும் போல்ட் தலைகளும் எரிந்து போயிருக்கின்றன, அல்லது பிளஞ்சர் முழுத் தூரம் போகவில்லை. அந்த இரண்டு இடத்திலும் நல்ல வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரைத் தொடாமல் தொங்குகிறது. செல்ஃப் மாற்றச் சொன்னவர் இந்த இடத்தில் பாதி சரி, ஏனென்றால் பிரஷ் செட் போட்டாலே பெரும்பாலும் போதும்.

அப்புறம் எர்த். சிவப்பு முனையை உடம்பு ஒயரிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டிலும் வையுங்கள். கிளாம்பில் வைக்காதீர்கள், ஈயத் தலையிலேயே வைக்க வேண்டும். கிளாம்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில் பூத்திருக்கிற வெள்ளைப் பொடியும் கணக்கில் வர வேண்டும் அல்லவா? சாவி திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் பண்ணாமல் வேறு எதையும் தொடாதீர்கள். பிளஸ் பக்கம் பேட்டரி போஸ்ட்டிலிருந்து பேட்டரி கேபிள் வந்து சேரும் செல்ஃப் போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மோட்டார் கரண்ட் இழுக்கும்போதுதான் இந்த அளவுகளுக்கு அர்த்தம். சோலனாய்டு சேராமல் ‘டக்’கோடு நின்றால் கேபிளில் பெரிய கரண்ட் ஓடுவதே இல்லை. அப்போது மீட்டர் பூஜ்யம் காட்டும், கேபிள் பிரமாதம் என்று ஏமாந்துவிடாதீர்கள்.

மீட்டர் இல்லாதவர்களின் பழைய வைத்தியம், எடுக்காத நேரத்தில் செல்ஃபை மரப்பிடியால் இரண்டு தட்டுவது. தட்டியதும் எடுத்தால் பிரஷ் என்று ஓரளவு நம்பலாம். இப்போது வருகிற பல சின்ன செல்ஃபில் ஃபீல்டு காயிலுக்குப் பதில் காந்தம் வைத்திருக்கிறார்கள். ஸ்பேனரால் ஓங்கி அடித்தால் அது உடைந்து ஆர்மேச்சரில் மாட்டிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் பண்ணிப் பார்ப்பதையும் நான் சொல்லித் தரமாட்டேன். கியரில் இருந்த லாரி அப்படி நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மோதிரம், காப்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது. என் இடது கை விரலில் இன்னும் ஒரு வளையத் தழும்பு இருக்கிறது, மோதிரம் போட்டுக்கொண்டு பிளஸ் போல்ட்டை முறுக்கியதன் பரிசு.

ரிலே பற்றி. 50-இல் வோல்ட் குறைகிறது என்று அளந்து தெரிந்தால் தாராளமாகப் போடுங்கள். 40 ஆம்பியர் ரிலே, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர், 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். சோலனாய்டு இழுக்கும் கணத்தில் முப்பது, நாற்பது ஆம்பியர் கேட்கும். அத்தனையையும் அந்தச் சின்னச் சாவி சுவிட்ச் வருடக்கணக்கில் சுமந்திருக்கிறது, பாவம். ஆனால் அளக்காமல் ரிலே போட்டு, உள்ளே வட்டு எரிந்திருந்தால், ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒரேயடியாக நிற்கும்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு ‘டக்’ என்பதால், என் பந்தயம் சோலனாய்டு வட்டின் மேல். பேட்டரி டவுனாக இருந்தால் ‘டக்டக்டக்’ என்று மரங்கொத்தி மாதிரி அடிக்கும். அந்தச் சத்தம் செல்ஃபிலிருந்துதான் வருகிறதா, ஃபியூஸ் பெட்டியில் இருக்கிற ரிலேயிலிருந்தா என்பதை ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று: கீழே குனிந்து, செல்ஃபுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஒரு தகரம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியில் சும்மா வைக்கவில்லை அதை. கிளட்ச் வேலை பார்க்கும்போது கழற்றிவிட்டு, ‘எதுக்கு இது’ என்று பட்டறை மூலையில் போட்டுவிடுவார்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதினாலும் அந்த அனல் நேராகச் செல்ஃபில்தான் அடிக்கும்.

கேள்வி: என் பழைய டீசல் ஜீப்பும் சூட்டில்தான் மக்கர். ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. செல்ஃபை ரிப்பேர் பண்ணியும் பயனில்லை.
— ஒரு வாசகர், கம்பம்

பதில்: சுற்றுவதோடு செல்ஃபின் வேலை முடிந்தது. அதற்குச் செலவு பண்ணியிருக்கவே வேண்டாம். உங்கள் வண்டியில் டீசலை அழுத்தி அனுப்புவது ரோட்டரி பம்ப் என்றால், தேய்ந்த பம்ப்பில் சூடான டீசல் இளகி உள்ளேயே கசிந்துவிடும், செல்ஃப் சுற்றுகிற மெதுவான வேகத்தில் நாசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. அடுத்த முறை எடுக்காதபோது ஈரச் சாக்கை பம்ப்பின் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். பிடித்தால் பம்ப் கடைக்குப் போக வேண்டியதுதான். தண்ணீர் மேனிஃபோல்டில் படக் கூடாது, விரிசல் விடும்.

கேள்வி: எங்கள் பெட்ரோல் கார் சூட்டில் செல்ஃப் எடுக்காது என்பதால், என் வீட்டுக்காரர் கோயில் வாசலில்கூட இன்ஜினை ஓடவிட்டுச் சாவியோடு விட்டுவிட்டு வருகிறார். நின்றுவிட்டால் தள்ளச் சொல்கிறார். கார் கெடாதா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் கார் களவு போகும், கெடுவது அப்புறம். அவர் தரிசனம் முடித்து வருவதற்குள் ஊரைத் தாண்டியிருக்கும். தள்ளுவதைப் பொறுத்தவரை, அவசரத்துக்கு ஒரு முறை பரவாயில்லை. வழக்கமாக்கினால் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். செல்ஃப் வேலையைவிட அது பெரிய செலவு. இறக்கத்தில் உருட்டி எடுப்பது இன்னும் மோசம். இன்ஜின் ஓடாத வரைக்கும் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவி இருக்காது, இரண்டும் கல் மாதிரி இருக்கும். ஆட்டோ கியர் வண்டி என்றால் தள்ளியே பிரயோஜனம் இல்லை. மேலே ஒட்டன்சத்திரத்துக்காரருக்குச் சொன்ன அளவுகளை உங்கள் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், காரை மத்தியானம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவோம். இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏன் எடுத்துவிட்டார்கள்?
— ஒரு மூத்த வாசகர், காரைக்குடி

பதில்: அந்தத் தொல்லையை உங்கள் மணிக்கட்டு மறந்துவிட்டது போலிருக்கிறது! ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்து எத்தனை பேருக்குக் கை முறிந்திருக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1912 மாடல் கேடிலாக்கில் மின்சார செல்ஃபைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு முன்னால் அவர் கடைகளில் வைக்கிற கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாவைத் திறக்க ஒரு கணம்தான் வேலை, அதனால் சின்ன மோட்டாரை அந்த ஒரு கணம் சக்திக்கு மீறி உழைக்க வைக்கலாம் என்று கண்டுகொண்டார். செல்ஃபும் அதே ஜாதி. பத்து விநாடிக்கு மேல் விடாமல் அடித்தால் தன் சூட்டிலேயே வேகும், அப்புறம் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

ஹேண்டில் இருக்கிற வண்டி இன்னும் உங்களிடம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். பேரன் கேட்டால் கொடுக்காதீர்கள்.