எஸ்எஸ்டி கெடவில்லை, இடம்தான் இல்லை

வணக்கங்க. 240 ஜிபி எஸ்எஸ்டியில் (சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) 9 ஜிபிதான் மிச்சம், திருப்பூர் ஆர்டருக்கான பிரிண்ட் டிசைன்களை காப்பி பண்ணும்போது முதலில் வேகமாகப் போய் அப்புறம் படுத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் புது டிரைவ் வேண்டியதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எஸ்எஸ்டியில் பழைய தரவின் மேலேயே எழுத முடியாது, ஒரு பிளாக்கை, அதாவது சிப்பின் ஒரு பகுதியை, முழுசாக அழித்த பிறகுதான் எழுத முடியும், அதனால் காலி இடம் குறையக் குறைய, தேவையான தரவை வேறு இடத்துக்கு நகர்த்தி, அழித்து, பிறகு எழுதும் வேலை கூடிக்கொண்டே போகும். கூரை வரை மூட்டை அடுக்கிய ஈரோட்டு மஞ்சள் குடோனில் புது லோடு இறக்குவது மாதிரி. பல மாடல்களில் வரும் தரவை முதலில் வேகமாக வாங்கி வைக்கும் தற்காலிக இடமான எஸ்எல்சி கேஷும் இடத்தைப் பொறுத்துச் சுருங்கிவிடும்.

முடிந்த ஆர்டர்களின் ஃபைல்களை சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி 15, 20 சதவீதமாவது காலியாக வையுங்கள். பிறகு விண்டோஸில் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' ஒரு தடவை ஓட்டுங்கள், எந்த இடத்துத் தரவு இனி தேவையில்லை என்று சொல்லும் டிரிம் கட்டளை எஸ்எஸ்டிக்குப் போகும். சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்க நீங்கள் தனியாகப் போட்டிருக்கும் டிஃப்ராக் மென்பொருளை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதனால் வேகம் வராது, தேய்மானம்தான்.

மதர்போர்டு பழசு என்றீர்களே, டிரைவை இணைக்கும் பழைய தலைமுறை சாட்டா 2 போர்ட்டில் செருகியிருந்தால் நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. சாட்டா 3 போர்ட் இருந்தால் அதில் மாற்றுங்கள், 550 வரை கிடைக்கும்.

ஒன்று மட்டும்ங்க, ஹார்டு டிஸ்க்கில் ஃபைல்கள் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு எஸ்எஸ்டியில் அழியுங்கள்.