ஆண்மை பற்றிய பழைய எண்ணங்களை நாம் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கண்டிப்பாக. ஆனால் இந்தக் கேள்வி வந்தாலே 'ஆண்களும் அழலாம், சமைக்கலாம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதெல்லாம் சரி, அதில் நமக்கு என்ன பெரிய நஷ்டம்? நான் பார்ப்பது வேறு: பிள்ளைகள் போதும் என்று முடிவான வீட்டில் ஆபரேஷனுக்குப் போவது யார்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்தான். இத்தனைக்கும் பெண்ணுக்கு வயிற்றில் கீறித்தான் செய்ய வேண்டும். ஆணுக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனான வாசக்டமியில், இப்போதைய நவீன முறைப்படி, மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பைத் தோலில் சின்னதாக ஒரு துளை, தையல்கூடக் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

நான் செய்துகொள்கிறேன் என்றபோது முதலில் தடுத்தது மாமியார்தான். "வேண்டாங்க மாப்பிள்ளை, உங்களுது உழைக்கிற உடம்பு, சிசேரியனோட சேர்த்து இவளுக்கே பண்ணிடலாம்." வயிற்றில் தையலோடு ராத்திரி முழுக்கக் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவள் உடம்பு மட்டும் உழைக்காத உடம்பா? நண்பன் நேராகவே கேட்டான், "அப்புறம் ஒண்ணும் முடியாதேடா?" முடியும். விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் போவது, அது பாட்டுக்குப் போகும்.

இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது, வட மாநிலங்களில் பலரைப் பிடித்துக்கொண்டுபோய் செய்தார்கள். 1977 தேர்தலில் ஆட்சி போனது. அதன் பிறகு அரசாங்கத் திட்டமே பெண்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அதற்கு முன்பு, 1971இல், எர்ணாகுளத்தில் திருவிழா மாதிரி நடந்த ஒரே முகாமில் 60,000 ஆண்களுக்கு மேல் செய்துகொண்டார்கள். பணமும் பரிசும் கொடுத்தார்கள்தான், இருந்தாலும் 'இது ஆம்பளைக்கு ஆகாது' என்பது ஆதிகாலத்திலிருந்து வருவது இல்லை என்பது புரிகிறதல்லவா?

யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு விஷயம். செய்த மறுநாளே பலன் கிடைக்காது. சுமார் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வரும்வரை ஆணுறை போட்டே ஆக வேண்டும். இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிட்டு, மனைவி உண்டானதும் அவள் மேல் சந்தேகப்படுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள்.